அவர் உங்களை மன்னித்துவிட்டார்

உலகத்தில் மன்னிப்புக் கேட்கிறவர்கள் உண்டு, மன்னிக்கிறவர்கள் உண்டு, இரண்டும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் ஏராளம் உண்டு. இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒன்றுமே செய்திருக்க மாட்டீர்கள். செய்ததாக நினைவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாசலில் குவிந்து கிடக்கும் குடைகளுக்குள் உங்கள் குடையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அப்போது ஒரு கை வந்து உங்கள் கையைப் பிடிக்கும். இன்னொரு கை வந்து அதன்மேல் மூடும். ஒரு தலை ஒருக்களித்துச் சாயும். "உங்களை நான் மன்னிச்சுட்டேன், பிரதர்" என்று ஒரு குரல், ரகசியம் பேசுகிற தோரணையில், பக்கத்தில் நிற்கிற மூன்று குடும்பங்களுக்கும் கேட்கிறபடி சொல்லும். எதற்காக என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ஆள் போய்விட்டிருப்பார். அவர்தான் மன்னிப்பாளர்.

இந்த இனம் எல்லாச் சபைகளிலும் உண்டு. இங்கே நாம் பார்க்கப்போகிறவர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கடைத்தெருவின் திருப்பத்தில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய அளவில் ஒரு கடை. நல்ல தொழில்காரர். உங்கள் மூக்கைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஃபிரேம் அதில் நிற்கும், எது வழுக்கும் என்று சொல்லிவிடுவார். நல்ல மனுஷரும்கூட. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. அதுதான் தொல்லையே.

வாலிப வயதில் அவர் ஒரு பிரசங்கம் கேட்டார். கடவுளின் குணம் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் இருந்தால் போதாது, திங்கட்கிழமைக் கடையிலும் தெரிய வேண்டும், நம்மைப் பார்க்கிறவனுக்கு அவரைப் பார்த்த மாதிரி இருக்க வேண்டும் என்று அந்தப் பிரசங்கியார் சொன்னார். நம்மவருக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. மறுநாளே ஆரம்பித்துவிட்டார். ஆனால் கடவுளுக்குக் குணங்கள் அநேகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ள முடியுமா? கடைக்கு வருகிறவர்கள் ஃபிரேமை ஒவ்வொன்றாக மாட்டி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பதுபோல, அவரும் ஒவ்வொரு குணமாகப் போட்டுப் பார்த்தார். தாராள குணம் பர்ஸில் இடித்தது. பொறுமையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் வரி கட்டுகிற வரிசையில் நின்றார். முன்னால் நின்ற பெரியவர் பையைத் துழாவிய நேரத்தில் அது கழன்று விழுந்துவிட்டது. தாழ்மை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போட்டிருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. நீதி எடுப்பாக இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் தன் முகமும் தெரிந்ததால் உடனே கழற்றி வைத்துவிட்டார். கடைசியாக மன்னிப்பைப் போட்டுப் பார்த்தார். அடடா, அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. செலவு இல்லை. வரிசையில் நிற்க வேண்டாம். எதிராளிக்குக் கட்டாயம் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மன்னிக்கிறவர் ஒரு படி மேலே நிற்கலாம். அன்றைக்கு மாட்டியதுதான், பிறகு தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் எல்லாரும் அப்பம் பகிர்ந்து உண்ணும் திருவிருந்து. மனத்தாங்கலோடு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு. அதற்காக முதல்நாள் மற்றவர்கள், தாங்கள் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யோசிப்பார்கள், அல்லது யோசிக்க உட்கார்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிடுவார்கள். நம்மவர் அந்தச் சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்துவார். தலையை வாரிக்கொள்வார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடுவீடாகக் கிளம்பிவிடுவார், மன்னிப்பதற்கு. அந்த ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஆளில்லாத வீடுபோல மூச்சுவிடாமல் உட்கார்ந்துகொள்கிற குடும்பங்கள் உண்டு.

ஆர்கன் வாசிப்பவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்துவிட்டார்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிரதர்" என்றார் நம்மவர்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அதைத்தான் நான் மறந்தே போயிட்டேனே."

"எதை?"

"போன மாசம் நான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன், ஆமென் சொல்றதுக்கு முன்னாடியே நீங்க வாசிக்க ஆரம்பிச்சுட்டீங்க. அன்னைக்கு நீலச் சட்டை போட்டிருந்தீங்க. நான் அதை நெனைக்கிறதே இல்லை."

நம்மவரின் ஜெபம் எப்படிப்பட்டது என்பது சபைக்குத் தெரியும். நடுவில் ஐந்தாறு இடங்களில் முடிந்துவிட்டதுபோல இறங்கி, மறுபடி மேலேறும். யாராயிருந்தாலும் ஏமாறுவார்கள். ஆனால் ஆர்கன்காரர் பாவம், அன்றிலிருந்து யார் ஜெபம் முடித்தாலும், ஆமென் என்று காதால் கேட்ட பிறகும், முடித்தவர் போய் உட்கார்ந்து கைக்குட்டையால் முகம் துடைக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டைகளைத் தொடுகிறார். நீலச் சட்டையை ஏழைகளுக்குக் கொடுக்கும் பெட்டியில் போட்டுவிட்டார்.

மன்னிப்பாளரிடம் சிக்கிக்கொண்டால் "நான் என்ன செய்தேன்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டதற்கும் சேர்த்து மன்னித்துவிடுவார். பக்கத்துக் கடைத் தையற்காரர், அவரும் இதே சபைதான், ஒருமுறை, தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சாட்சியோடு நிரூபித்தார்; அப்படி நிரூபித்த முரட்டுத்தனத்தை நம்மவர் இன்றுவரை மன்னித்து வருகிறார். ஒருதரம் மன்னித்தால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். மன்னிப்பை அவர் அவ்வப்போது தூசி தட்டி, துடைத்து, உங்கள் கண்முன்னாலேயே மறுபடி வைப்பார்.

சரி, அவர் வாயிலிருந்து "என்னை மன்னிச்சிடுங்க" என்று யாராவது எப்போதாவது கேட்டதுண்டா? ஒருமுறை கேட்டிருக்க வேண்டியது. சபையைச் சேர்ந்த ஒரு அம்மாளுக்கு இடது கண்ணுக்கான லென்ஸை வலது கண்ணுக்கு மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் கடைப் படியிலேயே தடுமாறி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்து சத்தம் போட்டார். நம்மவர் அமைதியாகக் கண்ணாடியை வாங்கி, லென்ஸை மாற்றிக் கொடுத்து, "பரவாயில்லைம்மா, நீங்க கோபமா பேசினதை நான் மனசுல வச்சுக்கலை" என்றார்.

வீட்டில் எப்படி என்கிறீர்களா? அவர் மனைவி ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பலவித மனிதர்களைச் சமாளித்துச் சமாளித்துப் பழகியவர். கணவர் தலை ஒருக்களித்துச் சாயத் தொடங்கும்போதே "ரொம்ப நன்றிங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் பேசினால், "என்னை மன்னிச்சாச்சுன்னா அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பாள். இருவருக்கும் அவர்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நெற்றியில் துணி மாற்றுகிறவர் அவர்தான். காலையில் எழுந்து, காய்ச்சல் வந்ததற்காக மன்னிப்பார், அவ்வளவுதான்.

இத்தனை மன்னிப்புகளுக்கும் முடிசூட்டியதுபோல ஒன்று இருந்தது. அது அக்கா விவகாரம்.

அக்கா அவரைவிட ஆறேழு வயது மூத்தவர், ஓய்வுபெற்ற நர்ஸ், கணவரை இழந்தவர், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். அப்பா காலமானதும், வீட்டுச் சாமான்களை அக்காவும் தம்பியுமாகச் சண்டை சச்சரவு இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். கட்டில் அக்காவுக்கு, அலமாரி தம்பிக்கு. தம்பி ஒன்றே ஒன்றைத்தான் ஆசைப்பட்டுக் கேட்டார்: அப்பாவின் மூக்குக் கண்ணாடி. கறுப்பு ஃபிரேம், கனமான லென்ஸ், அந்தக் காலத்துச் சாமான். தொழில் ஆரம்பித்த புதிதில் நம்மவர் முதன்முதலாகச் செய்து கொடுத்தது. அது கிடைக்கவில்லை. கடைசி வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்தது அக்கா. கேட்டார். அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, "என்கிட்ட இல்லைடா" என்றார். அந்த ஒரு கணம் போதாதா? எடுத்து வைத்துக்கொண்டு இல்லை என்கிறாள் என்று நம்மவர் முடிவு கட்டினார். முடிவு கட்டிய கையோடு மன்னித்தும்விட்டார்.

நாலைந்து வருஷமாக மன்னித்தார். சனிக்கிழமைச் சுற்றில் கடைசி வீடு அக்கா வீடுதான். "கண்ணாடி விஷயத்தை நான் மறந்துட்டேன்க்கா" என்பார். "சரிடா, உள்ள வா" என்பார் அக்கா. காபி வரும். அவர் மன்னித்தவர்களிலேயே ஏன் என்று கேட்காமல், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது அக்கா ஒருவர்தான். அதனாலேயே குற்றம் உறுதி என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தன் அனுபவத்தைச் சபைமுன் சாட்சியாகச் சொல்லும் கூட்டங்களில் இந்தக் கதையைப் பெயர் சொல்லாமல், "எனக்கு மிகவும் நெருங்கிய, ஒரே வயிற்றில் பிறந்த ஒருவர்" என்று மறைத்துச் சொல்வார். அவருக்கு இருப்பது ஒரே அக்கா. சபையில் அக்கா வந்து உட்கார்ந்தால், கைப்பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொள்கிற பெண்கள் ஒன்றிரண்டு பேர் உண்டு. அக்கா அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார்.

ஒரு மாதம் போதகர் நம்மவரைக் கூப்பிட்டு, வருகிற திருவிருந்து ஞாயிறன்று மன்னிப்பைப் பற்றி நீங்கள் பேச வேண்டும் என்றார். நம்மவருக்குக் கால் தரையில் படவில்லை. இதற்காகத்தானே இத்தனை நாள். கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் சுவரிலிருந்த ஃபிரேம்களைச் சபையாக வைத்துப் பேசிப் பார்த்தார். அக்கா கதையை நடுநாயகமாக வைத்து, முடிவில் முதல் வரிசையில் இருக்கும் அக்காவை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லார் முன்னாலும் கையைப் பிடிப்பது என்று திட்டம். அக்காவிடம் போய் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று கேட்டார். "உனக்கு அது நல்லாயிருக்கும்னா உட்காரறேன்" என்றார் அக்கா.

சனிக்கிழமை மதியம் போதகர் கடைக்கு வந்தார். கண்ணாடியின் ஒரு காதுக் கம்பி தனியாகக் கையில் இருந்தது. ஸ்குரூ எங்கோ விழுந்துவிட்டது. மறுநாள் வேதபாடம் வாசிக்க வேண்டும். அந்த அளவு ஸ்குரூ கடையில் தீர்ந்துபோயிருந்தது. பரவாயில்லை, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நம்மவர் முக்காலிமேல் ஏறி, மேல்தட்டிலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினார். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் கண்ணாடிகள் அதில் கிடக்கும். எதிலாவது ஒரு ஸ்குரூ கழற்றிக்கொள்ளலாம். டப்பாவை மேஜைமேல் வைத்து, பார்க்காமலே கையைவிட்டு ஒன்றை எடுத்தார். கறுப்பு ஃபிரேம். ஸ்குரூ டிரைவரை வைத்தார், பிடிக்கவில்லை. ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நூல் சுற்றியிருந்தது.

பச்சை நூல். அப்பா சுற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, அக்காவின் தையல் பெட்டியிலிருந்து நூல் வாங்கி, நடுங்குகிற விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். நம்மவர் உள்ளே நுழைந்ததும் பார்த்து, "என்னப்பா இது, கண்ணாடிக் கடைக்காரனோட அப்பா நூல் சுத்திக்கிட்டு" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்குச் சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்றார். கடைக்கு வந்தார், யாரோ காத்திருந்தார்கள், கையிலிருந்ததை டப்பாவில் போட்டார். மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் கடையில் கூட்டம். அதற்கடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

ஆர்கன்காரரின் சட்டை நிறம்வரை பத்திரமாக வைத்திருந்த ஞாபகம், தன் சட்டைப் பையை எங்கே தொலைத்தது?  அவருக்குக் காது மடல் சுட்டது. நல்லவேளை, எதிரே உட்கார்ந்திருந்த போதகருக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு அடிக்கு அப்பால் யார் முகமும் தெரியாது.

"கிடைச்சுதா?" என்றார் போதகர்.

"கிடைச்சுது, ஐயா" என்றார் நம்மவர்.

வேறொரு கண்ணாடியிலிருந்து ஸ்குரூவைக் கழற்றி எப்படியோ மாட்டிக் கொடுத்தார். நாளைக்கு ஆவலோடு காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போதகர் போனார்.

இந்த இடத்தில் மனிதருக்கு என்னென்ன யோசனை வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? டப்பாவை மூடி மேலே வைத்துவிடலாம். இத்தனை வருஷம் இருந்தது, இன்னும் இருக்கட்டும். அக்கா ஒன்றும் கேட்கப்போவதில்லை. அல்லது, இன்று கிடைத்தது என்று யாருக்கும் சொல்லாமல், நாளைக் கூட்டத்தில் அக்கா கதையை மட்டும் விட்டுவிட்டு ஆர்கன்காரர் கதையைச் சொல்லிக்கொள்ளலாம். இல்லை, இப்படியும் சொல்லலாம்: அக்கா அன்றைக்கே "நீதான் எடுத்துட்டுப் போனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? சொல்லாதது யார் தப்பு? அதை வேண்டுமானால் மன்னித்துவிடலாம். இந்தக் கடைசி யோசனை மிகவும் இதமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் கண்ணாடியைத் துடைக்கலாம் என்று எடுத்து, பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். லென்ஸில் கட்டைவிரல் ரேகை ஒன்று மங்கலாகப் பதிந்திருந்தது. துடைக்க மனம் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்தார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். "அக்கா, என்னை" என்று தொடங்கினால் வாய் அங்கேயே நின்றது. நாக்கு இத்தனை வருஷம் ஒரே பக்கம் திரும்பிப் பழகியிருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது சத்தமாகவே சொல்லிப் பார்த்தார், பக்கத்து வண்டிக்காரர் "என்ன சார்?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும், வழக்கமான சனிக்கிழமை மன்னிப்புக்கு இடம் பண்ணுகிறவர்போல, நாற்காலியிலிருந்த துணிகளை நகர்த்தி வைத்தார். நம்மவர் உட்காரவில்லை. கண்ணாடியை எடுத்து, மடித்த தலையணை உறைகளின்மேல் வைத்தார்.

அக்கா அதைப் பார்த்தார். "கிடைச்சிடுச்சா?" என்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"நீ சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனதை நான் பார்த்துக்கிட்டுதானேடா இருந்தேன்."

"அப்புறம் ஏன்க்கா சொல்லலை?"

 அக்கா ஒரு துண்டை எடுத்து உதறி, மடித்து, அடுக்கின்மேல் வைத்தார். "அப்பா கடைசி ரெண்டு நாளும் கண்ணாடி வந்துடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றார். "பைபிள்ல சங்கீதம் வாசிக்கணும்னு. நான்தான் வாசிச்சுக் காட்டினேன். கண்ணாடி எங்கேன்னு நீ வந்து கேட்டப்போ, உன்கிட்டதான் இருக்குன்னு சொன்னா, அப்பா கேட்டதையும் சொல்ல வேண்டியிருக்கும். நீ தாங்க மாட்டே. அக்கா திருடிட்டான்னு நெனச்சா உனக்குத் தூக்கமாவது வரும்."

"நான் ஊரெல்லாம் சொன்னேனேக்கா. பக்கத்துல உட்கார்றவங்க பையை எடுத்து வைக்கிறாங்க."

"ஆமா, வைக்கிறாங்க" என்றார் அக்கா. "அது கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

 நம்மவரின் தலை தானாக ஒருக்களித்துச் சாய்ந்தது. இரண்டு கைகளும் தானாக நீண்டு அக்காவின் கையைப் பிடித்தன. இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் திறந்தது. "அக்கா, நான் உன்னை..."

"மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொன்னே, இந்தக் கண்ணாடியாலேயே அடிப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பின் பின்னாலேயே அழுகை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையாட்டம் அழுதார். "தப்பு என்னுதுக்கா" என்றார். "என்னை மன்னிச்சுடு." துண்டுக்குள்ளிருந்து வந்ததால் சரியாகக் கேட்கவில்லை. முகத்தை எடுத்து இன்னொரு தரம் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மன்னிக்கப்படுகிற இடத்தில் நின்று காத்திருப்பது எவ்வளவு குளிராக இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா, "காபி போடட்டுமா?" என்றார்.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்க்கா."

"அது என்னைக்கோ முடிஞ்ச வேலைடா. இப்ப எதுக்குச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா அடுக்களைக்குப் போனார். போகும்போது ஈரமான துண்டை எடுத்துத் துவைக்க வேண்டிய கூடையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. நம்மவர் பேசப்போகிறார் என்பதால் சபை அதற்கேற்ற ஆயத்தத்தோடு வந்திருந்தது. தாய்மார்கள் குழந்தைகளுக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்து வந்திருந்தார்கள். ஆர்கன்காரர், இவர் ஒரு மணி நேரமாவது பேசுவார் என்ற நம்பிக்கையில் வெளியே காற்றுவாங்கப் போயிருந்தார். அக்கா சொன்னபடி முன்வரிசையில் இருந்தார். நம்மவர் ஏறி நின்றார். கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"எங்க அப்பா கண்ணாடியை எடுத்துட்டாங்கன்னு ஒருத்தரை நான் மன்னிச்சதா உங்ககிட்ட நிறைய தடவை சொல்லியிருக்கேன். அது எங்க அக்கா. அவங்க எடுக்கலை. எடுத்தது நான். எங்க அப்பா கேட்டுக்கிட்டே செத்தாரு. அது அக்காவுக்குத் தெரியும். எனக்கு வலிக்கக் கூடாதுன்னு, திருடிங்கிற பேரை அவங்க வாங்கிக்கிட்டாங்க. கடவுளோட குணம் எப்படி இருக்கும்னு நான் உங்களுக்குக் காட்டிக்கிட்டு இருந்ததா நெனச்சேன். அது எங்க அக்கா வீட்டுல எனக்குக் காபி போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்துருக்கு. எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க."

அவ்வளவுதான். இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆர்கன் வாசிக்க ஆள் இல்லை. அந்த அமைதியில், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் கைப்பையை எடுத்து, கொஞ்சம் யோசித்து, இருவருக்கும் நடுவில் வைத்தாள். அன்றைய திருவிருந்தில் நம்மவர் அப்பத்தை வாங்கும்போது மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்து அவர் தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. இன்னொரு கை அதன்மேல் மூடியது. சபைச் செயலாளர். தலை ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. "கவலைப்படாதீங்க பிரதர், நான் உங்களை மன்னிச்சுட்டேன்" என்றார், பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்கிறபடி. அவருக்குப் பின்னால் தையற்காரர் நின்றார். அவருக்குப் பின்னால், முழங்காலில் அடிபட்ட அந்த அம்மாள். அப்புறம் ஆர்கன்காரர், நடந்தது எதுவும் தெரியாவிட்டாலும் வரிசையைப் பார்த்துச் சேர்ந்துகொண்டவர். ஒவ்வொருவரும் கையைப் பிடித்தார்கள், ஒவ்வொருவரும் மறந்துவிட்டதாகச் சொன்னார்கள், எதை மறந்துவிட்டார்கள் என்பதை விவரமாகச் சொன்னார்கள். இத்தனை காலம் வாங்கிச் சேர்த்ததையெல்லாம் சபை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தது. நம்மவர் ஒவ்வொருவரிடமும் "நன்றிங்க, நன்றிங்க" என்றார். மனைவி கொஞ்சம் தள்ளி நின்று, வேடிக்கை பார்த்தபடி, அவருடைய குடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஸ்கூட்டரில் ஏறியதும் நம்மவர் தலையைத் திருப்பி, "அந்தச் செயலாளர் அப்படிச் சொன்னதை நான் மன்..." என்று ஆரம்பித்தார்.  பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சும்மா பார்த்தார்.

"மன்னிக்கலை" என்று முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே ஒருவருடைய முகம் உங்கள் கண்ணுக்குள் வந்து நின்றிருக்கும். ஆமாம், அவர் அச்சு அசலாக இப்படித்தான் என்று தோன்றியிருக்கும். இதை அவருக்கு ஒரு பிரதி அனுப்பி வைக்கலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். உங்களுக்கு அவர் செய்தது கொஞ்சமா? எல்லாவற்றையும் பெருந்தன்மையாக மறந்துவிட்டவர்தானே நீங்கள். அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தை, சொன்ன இடம், போட்டிருந்த சட்டை, எல்லாம் இப்போதும் அப்படியே தெரிகிறது, இல்லையா? சட்டையின் நிறம்கூடவா? அப்படியானால் அனுப்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டு மேல்தட்டில், நெடுநாளாக யாரும் இறக்காத டப்பா ஒன்று இருக்கும், அதை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள். இறக்க வேண்டியதே இல்லை, அதில் ஒன்றும் கிடையாது, உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்கிறீர்களா? அவருக்கும் நன்றாகத்தான் ஞாபகம் இருந்தது.